அரைக் குழாய் புட்டு, இரட்டைக் கடலைக் கறி: எல்லையோரக் காலைக் கடைக்காரர்களுக்கு ஒரு மடல்

தமிழ்நாடு-கேரள எல்லையில் மீனாட்சிபுரம், கோபாலபுரம், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் காலைக் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். விடியும் முன்னே அடுப்பு மூட்டிவிடுகிறீர்கள். பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் பஸ் ஏறுகிறவர்கள், தோப்பு வேலைக்குப் போகிறவர்கள், தேங்காய் லாரிக்காரர்கள் எல்லாரும் உங்கள் பெஞ்சில்தான் பசியாறுகிறோம். எங்களில் நிறையப் பேருக்கு சுகர் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்கு நீரிழிவு, தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். நான்கு பேர் உட்காரும் பெஞ்சில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் இரண்டாம் வகை நீரிழிவுதான். சாப்பாட்டை வைத்தே கட்டுக்குள் வைத்திருக்கிறேன். இதில் சிரமமான வேளை காலைதான். விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்களால் கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. இன்சுலினும் அப்போது மந்தமாகத்தான் வேலை செய்யும். அதனால் பலருக்கு, மதியம் தாங்குகிற அளவு சோறோ இட்லியோ காலையில் சுகரைக் கூடுதலாக ஏற்றிவிடும்.

உங்கள் புட்டைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 100 கிராம் அரிசி மாவில் ஏறத்தாழ 80 கிராம் மாவுச்சத்து. அதன்மேல் நேந்திரம்பழமும் சீனியும் சேர்த்துப் பிசைந்தால் எங்களுக்கு அன்றைய பொழுதே போச்சு. இடியாப்பமும் ஆப்பமும் அப்படித்தான், எல்லாம் அரிசி மாவு. ராகிப் புட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று சிலர் நம்புகிறார்கள். நைசாக அரைத்த ராகி மாவும் சுகரை ஏற்றத்தான் செய்யும். அளவுதான் முக்கியம்.

இதற்கு ஓட்ஸ் கிண்ட வேண்டியதில்லை. எங்களுக்கு வேண்டியது உங்கள் அடுப்பில் ஏற்கெனவே கொதிக்கிறது. கறுப்புக் கொண்டைக்கடலை, சிறுபயறு இரண்டிலும் புரதமும் நார்ச்சத்தும் இருப்பதால் மெதுவாகத்தான் செரிக்கும், சுகரும் மெல்ல ஏறும். முட்டையில் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். கடலைக் கறியை முதலில் சாப்பிட்டுவிட்டுப் புட்டைப் பிறகு தொட்டாலே ஏற்றம் குறையும். இதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், கடையில் புட்டு முழுக் குழாயாகவும் கறி ஒரு கரண்டியாகவும் வருகிறது. இதைத் தலைகீழாகக் கேட்டால், "அப்படியெல்லாம் கொடுக்கிறதில்லைங்க" என்ற பதில்தான்.

அதைத்தான் மாற்றச் சொல்லிக் கேட்கிறேன். அரைக் குழாய் புட்டு, இரண்டு கரண்டி கடலையோ பயறோ என்று ஒரு தட்டை விலைப் பலகையில் எழுதிவிடுங்கள். இட்லிக் கடையாக இருந்தால் இரண்டு இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார், ஓர் அவித்த முட்டை. விலையைக் குறைக்க வேண்டாம். கடலை விலை எங்களுக்கும் தெரியும், முழுத் தட்டுக்கு உள்ள காசையே கொடுக்கிறோம். பலகையில் இருந்தால், கூட்ட நேரத்தில் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்காமலே போகிறவர்களும் வாய் திறந்து கேட்பார்கள். அப்புறம் டீ. வித்தவுட் கேட்டால் தனிப் பாத்திரத்துப் பாலில் போட்டுக் கொடுங்கள். சீனி போட்டுக் காய்ச்சிய பால் என்றால் அது வித்தவுட் ஆகாது.

சீனி டப்பாவை மட்டும் எடுத்துவிடாதீர்கள். சுகர் மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வருகிறவருக்குச் சுகர் திடீரென்று இறங்கலாம்: வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். குடித்திருக்கிறார் என்று ஒதுக்கிவிட வேண்டாம். உட்கார வைத்து மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள், தெளிந்ததும் சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது; 108-க்குப் போன் செய்யுங்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் சாப்பிடும் ஒருவர்