ரசவாதியின் தராசு

ஆசிரியருக்கு வணக்கம்.

ரசவாதிகள் அனைவரையும் மோசடிக்காரர்களாகச் சித்திரித்த தங்கள் கட்டுரை, பிரஸ்ஸல்ஸ் நகர மருத்துவர் வான் ஹெல்மோன்டுக்குப் பெரும் அநீதி இழைக்கிறது.

இழிந்த உலோகம் பொன்னாகும் என்று அவர் நம்பியது உண்மையே. ஆனால் அதே மனிதர்தான் அடுப்பில் உலர்த்திய 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, தூசி விழாதபடி துளையிட்ட தகட்டால் தொட்டியை மூடி, நீர் மட்டுமே ஊற்றி, 5 ஆண்டுகளுக்குப் பின் மரத்தையும் மண்ணையும் மீண்டும் நிறுத்துப் பார்த்தார். மரம் ஏறக்குறைய 169 பவுண்டு இருந்தது. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ்தான்.

மரம் முழுவதும் நீரிலிருந்தே உருவானது என்று அவர் முடிவு செய்தது தவறு. காற்றிலுள்ள கரியமில வாயுவின் பங்கை அவர் அறியவில்லை. கரி எரியும்போதும் திராட்சைச் சாறு நொதிக்கும்போதும் எழுவது ஒரே வாயுதான் (அதுவே இந்தக் கரியமில வாயு) என்று கண்டவரும் அவரே என்பதால், இந்தத் தவறு எனக்கு மிகுந்த வியப்பளிக்கிறது.

சமய விசாரணைக்கு ஆளாகி வீட்டுக்காவலிலும் இருந்த அவர் 1644இல் மறைந்தார். அவருடைய எழுத்துகளை மகன் 1648இல்தான் தொகுத்து வெளியிட்டார். கட்டுரையின் அடுத்த பகுதியில் இச்செய்திகளையும் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

வாசகர், தஞ்சாவூர்