சின்னவளை மெயின் ரோடு வழியாகக் கூட்டிப் போகாதே

லூயிஷம், லண்டன்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், அம்மா, பிள்ளைகள் எல்லாரும் நலமா? சின்னவளுக்கு மறுபடியும் வீசிங் வந்து ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று அம்மா சொன்னதிலிருந்து மனசு கேட்கவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நான் இருக்கும் பக்கம் சவுத் சர்க்குலர் என்று ஒரு ரோடு போகிறது, எந்நேரமும் வண்டிதான். அதை ஒட்டிக் குடியிருந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுப் பிள்ளை 2013-இல் ஆஸ்துமாவில் இறந்துபோனாள். அவள் அம்மா விடவில்லை. கடைசியில் 2020 டிசம்பரில், காற்று மாசும் அந்தச் சாவுக்கு ஒரு காரணம் என்று மரண விசாரணையில் தீர்ப்பானது. அதைப் படித்த அன்று எனக்குச் சின்னவள் முகம்தான் வந்தது.

புகை அதிகம் விடும் பழைய வண்டி லண்டனுக்குள் ஓடினால் நாளுக்கு 12.50 பவுண்ட் கட்ட வேண்டும். 2019-இல் நகரின் நடுப்பகுதியில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் லண்டன் முழுக்கக் கொண்டுவந்துவிட்டார்கள். பழைய வேனை வைத்துப் பிழைப்பவர்களுக்கு இது பெரிய அடி, சண்டையும் நடந்தது. ஆனாலும் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. பல பள்ளிக்கூடத் தெருக்களை, பிள்ளைகள் வரும் நேரமும் போகும் நேரமும் வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். பலரும் நடந்தே வருகிறார்கள். பக்கத்துத் தெருவுக்குப் போகிற வண்டிதானே என்று நினைக்காதே. காரில் புகையைச் சுத்தம் செய்யும் கருவி நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். அது சூடாவதற்குள் இந்தக் குட்டிப் பயணம் முடிந்துவிடும். அப்புறம் வாசலில் இன்ஜினை அணைக்காமல் காத்திருப்பது வேறு.

புளியரை செக்போஸ்ட் தாண்டிக் கேரளாவுக்குப் போகும் ஜல்லி லாரிகளை நீயும் நானும் நிறுத்த முடியாது. ஆனால் செங்கோட்டையில் பள்ளிக்கூட வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிற ஆட்டோவும் வேனும் பைக்கும் நம் ஊர்க்காரர்களுடையவை, சொன்னால் கேட்பார்கள். சாரல் மாதங்களில் கணவாய்க் காற்று புகையை அடித்துக்கொண்டு போய்விடும். மார்கழி, தை காலையில் காற்றே அசையாது, புகை தரையோடு நிற்கும். நம் மூக்கைவிடச் சின்னவள் மூக்குதானே சைலன்சருக்குப் பக்கத்தில் இருக்கிறது, அக்கா.

அதனால் அவளை உள்தெரு வழியாக நடத்திக் கூட்டிப் போ. சுற்றுதான், ஆனால் ரோட்டிலிருந்து ஒரு தெரு தள்ளிப் போனாலே புகை நன்றாகக் குறையும். ஆட்டோவில் உட்கார்ந்தால் தப்பிக்கலாம் என்றில்லை, நெரிசலில் உள்ளே இருப்பவர்களும் அதே புகையைத்தான் இழுக்கிறார்கள். அத்தானை ஹெட்மாஸ்டரிடம் பேசச் சொல், வாசலுக்குக் கொஞ்சம் முன்பே வண்டிகளை நிறுத்தச் சொல்லட்டும். இன்ஹேலர் எப்போதும் பள்ளிக்கூடப் பையில் இருக்கட்டும். வீசிங் நின்றுவிட்டது என்று டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்திவிடாதே.

மற்றவை உன் பதில் கண்டு.

அன்புடன்,
உன் தங்கை