படுக்க இடம் உண்டு, பேச இடம் இல்லை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டுவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே ஐப்பசி மழை விடாமல் அடிக்கிறது. திற்பரப்பு அருவியில் குளிக்க விடவில்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு நின்று பத்து நாளாகிறது. சின்னவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். தை மாதம் என்று தேதி சொல்லியிருக்கிறார்கள்.

"ஜெயிலுக்குப் போய் அப்படி என்னதான் செய்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராகச் சேர்ந்தேன் இல்லையா, அதில் வாரம் இரண்டு நாள் ஒரு கிளைச்சிறையில் உட்காருகிறேன். வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பேன். கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்துச் சொல்வேன். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே கிடப்பவர்களின் வீட்டுக்குப் போன் பண்ணுவேன். தாலுகா ஆபீஸ், கோர்ட், சப்-ஜெயில் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்குமே, அந்த மாதிரியான பழைய கட்டடம். கனத்த சுவர், ஓட்டுக் கூரை, நடுவில் ஒரு முற்றம்.

"பழசை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டினால் தீர்ந்தது" என்று எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரியும் ஆபீசுமாக முப்பது வருஷம் பிளான் வரைந்தவன் நீ. அதனால் அந்த வரியைப் படித்தபின் நானும் சும்மா இருக்கவில்லை. சூப்பிரண்டிடம் அனுமதி கேட்டு, எங்கள் தெருக் கொத்தனாரிடம் டேப் வாங்கிக்கொண்டு போய் அளந்தேன்.

பெரிய அறை 30 அடி நீளம், 20 அடி அகலம். 2016-இன் மாதிரிச் சிறைக் கையேடு, படுக்கும் அறையில் ஒருவருக்கு 3.71 சதுர மீட்டர் வேண்டும் என்கிறது. அதாவது ஏறக்குறைய 40 சதுர அடி. 600-ஐ 40-ஆல் வகுத்தால் 15 பேர். நான் அளந்த அன்று உள்ளே இருந்தது 13 பேர். சரி, இடம் போதும் என்று அங்கேயே எழுதி முடித்திருக்கலாம். அறையோடு சேர்ந்த கழிப்பறை பத்துப் பேருக்கு ஒன்று வேண்டும் என்றும் அதே கையேட்டில் இருக்கிறது. இங்கே இருப்பது ஒன்றுதான். அது ஒரு குறை. ஆனாலும் தாளில் பார்த்தால் இந்த ஜெயிலில் நெருக்கடி இல்லை.

போன திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு நீ இங்கே இருந்திருக்க வேண்டும். ஆபீஸ் அறை ஒன்றுதான் உண்டு. அதன் ஒரு மூலையில் கோர்ட்டோடு பேசுவதற்கான வீடியோ கான்பரன்ஸ் டிவி. எதிர்ச்சுவரில் கம்பிவலை போட்ட ஜன்னல், மனு பார்க்க, அதாவது கைதியைச் சந்தித்துப் பேச, வந்தவர்கள் அதற்கு வெளியே நிற்பார்கள். நடுவில் வார்டரின் (சிறைக் காவலரின்) மேசை, ரிஜிஸ்டர்கள். பெஞ்சின் ஓரத்தில் நான். அன்றைக்கு ஒரு புது அட்மிஷன் வேறு வந்துவிட்டது. கொண்டுவந்த போலீஸ்காரர்கள் வாரண்டைக் கொடுத்துக் கையெழுத்துக்கு நிற்கிறார்கள், அவனைச் சட்டையைக் கழற்றச் சொல்லிச் சோதிக்கிறார்கள், அரைஞாண் கயிறும் செல்போனும் கைச்செலவு ரூபாயும் எழுதி வைக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே மூன்று குடும்பங்கள், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காமல் எல்லோரும் கத்துகிறார்கள்.

அந்தச் சத்தத்துக்குள் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் டிவி முன்னால் கைகட்டி நிற்கிறான். மாஜிஸ்திரேட் ஏதோ கேட்கிறார். அவன் காதில் எதுவும் விழவில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது. "சரிங்கய்யா" என்கிறான். இன்னொன்று கேட்கிறார். அதற்கும் "சரிங்கய்யா". முடிந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "சார், என்னைப் பற்றி என்ன சொன்னாங்க?" என்று கேட்டான். ரிமாண்ட் இன்னும் பதினைந்து நாள் நீண்டிருக்கிறது. அடிபட்ட காயம் இருக்கிறதா, வக்கீல் இருக்கிறாரா என்று சொல்ல அவனுக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. மக்கா, அன்று வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜெயிலில் எத்தனை பேருக்கு இடம் என்று எழுதும் எண், ராத்திரி லாக்கப்பில் எத்தனை பேர் படுக்கலாம் என்பதை மட்டும்தான் சொல்கிறது. பகலில் அங்கே நடக்க வேண்டிய வேலைகளுக்கு யாரும் சதுர அடிக் கணக்குப் போடுவதில்லை. நாடு முழுவதற்குமான 2022 கணக்கில் சிறைகளின் கொள்ளளவு 4,36,266. உள்ளே இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் விசாரணைக் கைதிகள் மட்டும் 4,34,302. தண்டனை பெற்றவர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் அத்தனை சிறைகளும் ஏறக்குறைய நிறைந்துவிடும். அதே கணக்கில் தமிழ்நாட்டின் மொத்த எண்ணிக்கை கொள்ளளவுக்குள்தான் இருந்தது. அதனால் நம் மாநிலத்தில் பிரச்சினையே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தப் பையனிடம் கேட்டால் தெரியும்.

அப்புறம் நோய். இரண்டு மாதம் முன்பு ஒருவருக்கு அம்மை போட்டுவிட்டது. தனியே வைக்க அறை கிடையாது. அரிசி மூட்டைகளை வராந்தாவுக்கு நகர்த்திவிட்டு ஸ்டோர் ரூமில் அவரைப் படுக்க வைத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. வார்டர் ஒருவர் தன் வீட்டிலிருந்து வேப்பிலை கொண்டுவந்து போட்டார். நல்ல மனிதர்கள்தான். அவர்களுக்கே சாப்பிட உட்கார இடம் கிடையாது, சமையலறைப் படியில்தான் டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள்.

வெளியே கேட்டருகே ஒரு கூரைகூட இல்லை. கடற்கரை ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு அம்மா வருவார்கள். மகனுக்குக் கொண்டுவந்த துணியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு மழையில் நிற்பார்கள். பை நனையாமல் இருக்கும், அவர்கள் தெப்பமாக நனைந்திருப்பார்கள். பேசக் கிடைப்பது சில நிமிஷம்தான்.

இப்போது உன் யோசனைக்கு வருகிறேன். முதலில், உள்ளே இருக்க வேண்டாதவர்கள் வெளியே போக வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 479-ஆம் பிரிவுப்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கு உரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்குப் பொருந்தாது, வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் கிடைக்காது. கோர்ட்டுக்கு எழுதிப்போட வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருக்கே உண்டு. இதற்காக நான் ஒரு நோட்டில் ஒவ்வொருவருடைய நாள் கணக்கையும் எழுதிவருகிறேன்.

இரண்டாவது, சுவரைத் தொடாமல் நேரத்தை மாற்றலாம். வீடியோ விசாரணை நடக்கும்போது மனு ஜன்னலைத் திறக்காமல் இருந்தாலே பாதி நெருக்கடி போய்விடும். சூப்பிரண்டிடம் சொன்னேன், கோர்ட் கூப்பிடும் நேரம் தன் கையில் இல்லை என்றார். நியாயம்தான். ஆனால் மனு நேரம் அவர் கையில்தானே? அடுத்த மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார், நான் விடப்போவதில்லை.

நேரத்தை மாற்றித் தீராதவை மூன்று: நோயாளிக்கு ஒரு அறை, புதிதாக வருபவரைச் சோதிக்க ஒரு மறைவு, கேட்டுக்கு வெளியே ஒரு கொட்டகை. இதற்குத்தான் செங்கல் வேண்டும். முழுக்க இடித்துவிட்டு ஊருக்கு வெளியே பெரிதாகக் கட்டினால் கோர்ட்டும் தூரமாகிவிடும், அந்த அம்மாவுக்கு மூன்றாவது பஸ்ஸும் சேர்ந்துவிடும்.

இதையெல்லாம் மேலே எழுதிப்போட்டு என்ன ஆகும் என்று கேட்பாய். ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி லகோட்டி 2013-இல் எழுதிய ஒரு கடிதத்தைத்தான் 1382 சிறைகளின் நிலை பற்றிய வழக்காக உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. நான் மாவட்ட நீதிபதிக்கு ஒரு பக்கம் எழுதுகிறேன்.

அதற்கு உன் உதவி வேண்டும். கட்டத்தாளில் வரைந்த படம் இத்துடன் இருக்கிறது, அளவு எல்லாம் அடிக் கணக்கில். முற்றத்தின் வடகிழக்கு மூலையில் 12-க்கு 10 அடி சும்மா கிடக்கிறது. அங்கே நோயாளி அறை வருமா, கதவை எந்தப் பக்கம் வைத்தால் வார்டர் மேசையிலிருந்து பார்வைக்குப் படும், ஜன்னல் எவ்வளவு வேண்டும் என்று சிவப்பு மையில் போட்டு அனுப்பு. மார்கழிக்குள் வந்தால் நல்லது. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்லு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி