கையடக்கக் கணினிகளில் ஜிபிஎஸ்: அட்டவணை சொல்லாதவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கைக்கோள் வழிகாட்டும் வசதி உள்ளமைந்த கையடக்கக் கணினிகளை ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பிராசசர், நினைவகம், திரை, கேமரா ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி ஒதுக்கி, மாதிரிக்கு மாதிரி உள்ள வேறுபாடுகளைப் பொறுமையாக எடுத்துக்காட்டிய அந்தக் கட்டுரை, ஜிபிஎஸ் என்று வரும்போது மட்டும் அட்டவணையின் எல்லாக் கட்டங்களிலும் ‘உண்டு’ என்று நிரப்பிவிட்டு நின்றுவிட்டது. கேமராவுக்காக வாங்குபவருக்கு அது போதும். வழி அறிவதற்காகவே இத்தகைய கருவியைத் தேடுபவருக்குத் தேர்வு தொடங்கும் இடமே அந்தக் கட்டம்தான். நில அளவைப் பயிற்சியோடு தொடர்புடையவன் என்ற முறையில், அதில் விடுபட்டவற்றை எழுத விரும்புகிறேன்.

முதலாவதாக, ‘உண்டு’ என்பதே எல்லா நேரமும் உண்மையல்ல. ஐபேட் வகைகளை எடுத்துக்கொண்டால், சிம் வசதியுள்ள மாதிரிகளில் மட்டுமே ஜிபிஎஸ் வாங்கி, அதாவது அலையைப் பெறும் பகுதி, இருக்கிறது. வைஃபை மட்டும் உள்ள மாதிரிகளில் அது கிடையாது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. வரைபடச் செயலி இரண்டிலும் திறக்கும். நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியும் இரண்டிலும் தோன்றும். வைஃபை மாதிரி அந்தப் புள்ளியை வானத்திலிருந்து பெறுவதில்லை. சுற்றிலும் உள்ள வைஃபை ரவுட்டர்களின் அடையாளங்களை இணையத்தில் உள்ள தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு ஊகிக்கிறது. கடைக்குள் இந்த ஊகம் வியக்கத்தக்க அளவு சரியாகவே இருக்கும். ரவுட்டரே இல்லாத சாலையில் அது நின்றுபோகும். ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் வைஃபை மாதிரிகளிலும் ஜிபிஎஸ் இருப்பதுண்டு, இல்லாமலும் போவதுண்டு; ஒவ்வொரு மாதிரியின் விவரக்குறிப்பையும் தனித்தனியாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதையொட்டியே இன்னொரு தவறான எண்ணமும் பரவியிருக்கிறது. சிம் வசதியுள்ள மாதிரியில்தான் ஜிபிஎஸ் இருக்கிறது என்றதும், சிம் போட்டு டேட்டா வாங்கினால்தான் அது வேலை செய்யும் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஜிபிஎஸ் வாங்கி எதையும் அனுப்புவதில்லை, கேட்க மட்டுமே செய்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேரக் குறிப்புகளைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்த நேரத்திலிருந்து தொலைவைக் கணக்கிடுகிறது. இடத்தைக் குறிக்க மூன்று அளவுகள் போதும் என்றாலும், கருவிக்குள் இருக்கும் மலிவான கடிகாரத்தின் பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால் குறைந்தது நான்கு கோள்கள் தேவைப்படுகின்றன. ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் தொலைவில் 300 மீட்டர் பிசகிவிடும். இந்தக் கணக்கில் எந்த இடத்திலும் செல்பேசிக் கோபுரத்துக்கு வேலையில்லை.

கோபுரம் உதவுவது வேகத்துக்குத்தான், அதுவும் சிறிய உதவியல்ல. ஜிபிஎஸ் கோள்கள் தம் சுற்றுப்பாதை விவரங்களை விநாடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் அனுப்புகின்றன. ஒரு கோளின் துல்லியமான பாதை விவரம் 30 விநாடிக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. எல்லாக் கோள்களையும் பற்றிய பொதுப் பட்டியல் முழுவதும் வந்துசேர 12.5 நிமிடம் பிடிக்கும். இடையில் ஒரு மரமோ கட்டடமோ அலையை மறைத்துவிட்டால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். இன்றைய கருவிகள் இந்த விவரங்களை இணையத்திலிருந்து சில விநாடிகளில் இறக்கிக்கொள்வதால்தான் புள்ளி உடனே தோன்றுகிறது. ஆகவே, கடையில் ‘பார்த்தீர்களா, எவ்வளவு வேகம்’ என்று விற்பனையாளர் காட்டுவது பெரும்பாலும் அந்தக் கடையின் இணைய இணைப்பின் வேகமே. சிம்மைக் கழற்றி, வைஃபையை அணைத்து, கருவியைச் சில மணி நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு வேறோர் இடத்தில் திறந்த வானத்தின் கீழ் இயக்கிப் பார்த்தால்தான் அதன் உண்மையான திறன் தெரியும். திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

ஆன்டெனாவைப் பற்றித் தங்கள் கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. விளம்பரங்களும் சொல்வதில்லை என்பதால் கட்டுரையாளரை மட்டும் குறை கூற முடியாது. 2003-இல் வெளிவந்த கார்மின் ஐக்யூ 3600, மியோ 168 போன்ற தொடக்ககாலக் கருவிகளில் ஆன்டெனா மடக்கி விரிக்கும் தகடாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பார்க்க அழகாக இல்லை. ஆனால் அது வானத்தை நோக்கியிருந்தது. இன்று மெல்லிய உடலுக்காக அதை விளிம்புக்குள் ஒளித்து, புளூடூத், வைஃபை ஆன்டெனாக்களின் நெருக்கடியில் தள்ளிவிட்டார்கள். ஜிபிஎஸ் அலை சுழல் முனைவாக்கம் கொண்டது, அதாவது சுழன்றபடியே வருவது; கைபேசிகளில் உள்ள எளிய நேர்கோட்டு ஆன்டெனா அந்த அலையின் ஆற்றலில் ஏறத்தாழ பாதியைக் கோட்டைவிடுகிறது. ஏற்கெனவே மிக மிக மெலிந்து தரையை அடையும் அலைக்கு இது பெரிய இழப்பு. இதற்கு மேல் உலோக உறை போட்டு, விளிம்பைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு ‘சிக்னல் இல்லை’ என்றால் கருவி என்ன செய்யும்? வழிகாட்டுதலுக்கென்றே செய்யப்படும் கையடக்கக் கருவிகள் சிலவற்றில், தலைப்பகுதியில் குமிழ்போல் எழுந்து நிற்கும் சுருள் ஆன்டெனாவை இன்றும் வைத்திருப்பது காரணமில்லாமல் அல்ல. சிப்புகளின் உணர்திறன் இந்த இருபது ஆண்டுகளில் வெகுவாக உயர்ந்து இந்த இழப்பைப் பெருமளவு ஈடுசெய்திருக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும் ஒரே சிப் கொண்ட இரு கருவிகள் அடர்ந்த மரநிழலில் வேறுவிதமாக நடந்துகொள்வதற்கு ஆன்டெனாவே பெரும்பாலும் காரணம்.

அடுத்து, பெட்டியின் மேல் வரிசையாக அச்சிடப்படும் செயற்கைக்கோள் வழிகாட்டு அமைப்புகளின் பெயர்கள்: அமெரிக்காவின் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, ஜப்பானின் க்யூஇசட்எஸ்எஸ், இந்தியாவின் நாவிக். கோள்கள் கூடக்கூட உயர்ந்த கட்டடங்களுக்கிடையே தெரியும் குறுகிய வானத்திலும் நான்கைந்தாவது கிடைக்கும் என்பதால் இப்பட்டியல் நீள்வது நல்லதே. ஆனால் எத்தனை அமைப்புகள் என்பதைவிட எத்தனை அலைவரிசைகள் என்பதை நான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலான கருவிகள் 1575.42 மெகாஹெர்ட்ஸில் உள்ள எல்1 அலையை மட்டுமே கேட்கின்றன. 2018-இல் ஷாவ்மி மி 8 கைபேசியோடு, 1176.45 மெகாஹெர்ட்ஸில் உள்ள எல்5 அலையையும் சேர்த்துக் கேட்கும் வசதி சாதாரண வாங்குநரின் கைக்கு வந்தது. வளிமண்டலத்தின் அயனி அடுக்கு இரு அலைகளையும் வெவ்வேறு அளவில் தாமதப்படுத்துவதால், இரண்டையும் ஒப்பிட்டு அந்தப் பிழையைக் கழித்துவிடலாம். அதைவிட முக்கியமாக, எல்5 குறியீடு எல்1-இல் பொதுமக்களுக்கென உள்ள பழைய குறியீட்டைவிடப் பத்து மடங்கு வேகமானது என்பதால், நேராக வந்த அலையையும் கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்த அலையையும் பிரித்தறிவது எளிதாகிறது. நகரத்தில் நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவுவதற்கு இந்த எதிரொலிப்பே முதன்மைக் காரணம். நாவிக் வேண்டும் என்று குறிப்பாகக் கேட்பவர்களும் அலைவரிசையைக் கவனிக்க வேண்டும்: அதன் முதல் தலைமுறைக் கோள்கள் எல்5, எஸ் ஆகிய அலைவரிசைகளில்தான் இயங்குகின்றன, எல்1 அலை 2023 மே மாதம் ஏவப்பட்ட என்விஎஸ்-01 கோளிலிருந்துதான் சேர்க்கப்பட்டது.

துல்லியம் பற்றிய எண்களையும் நிதானமாகப் படிக்க வேண்டும். அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் இணையதளம், திறந்த வானத்தின் கீழ் ஸ்மார்ட்போன்களின் துல்லியம் பொதுவாக 4.9 மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் என்றும், கட்டடம், பாலம், மரம் ஆகியவற்றின் அருகே அது குறையும் என்றும் சொல்கிறது. ஆண்ட்ராய்டு கருவிகளில் புள்ளியைச் சுற்றித் தெரியும் வட்டத்துக்கு 68 சதவீத நம்பகம் என்றே பொருள். மூன்றில் ஒருமுறை நாம் உண்மையில் நிற்கும் இடம் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கலாம். உயரக் கணக்கில் பிழை இன்னும் கூடுதல். மலையேறுபவர்கள் காற்றழுத்தமானி உள்ள கருவியைத் தேடுவது அதனால்தான்.

காந்தத் திசைகாட்டியும் விவரக்குறிப்பில் இருக்க வேண்டும். கருவி நகரும்போது மட்டுமே ஜிபிஎஸ்ஸால் திசையைச் சொல்ல முடியும். சந்திப்பில் நின்றபடி எந்தப் பக்கம் திரும்புவது என்று பார்ப்பவருக்குத் திசைகாட்டிதான் உதவும். திசைகாட்டியுள்ள கருவியை வாங்கிய கையோடு, அந்தத் திசைகாட்டியையே குழப்பும் காந்த மூடியுள்ள உறையையும் வாங்கிப் போட்டுக்கொள்வோர் ஏராளம்!

இனி வரைபடம். கோள்கள் தருவது அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் ஆகியவை மட்டுமே. தெருவும் பாலமும் ஒருவழிப்பாதையும் கருவிக்குள்ளோ இணையத்திலோ இருந்துதான் வர வேண்டும். இணைப்பு அறுந்த இடத்தில் வெற்றுத் திரைக்கு நடுவே துல்லியமான ஒரு நீலப் புள்ளி இருந்து என்ன பயன்? ஆகவே ஒரு முழு மாநிலத்துக்கோ நாட்டுக்கோ உரிய வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைக்க இடம் இருக்கிறதா, மெமரி கார்டு போட முடியுமா, இணையம் இல்லாமலே பாதையைக் கணக்கிட்டுத் தருமா என்பவற்றைக் கேட்க வேண்டும். 2004-இல் தொடங்கப்பட்ட, எவரும் பயன்படுத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தரவைப் பயன்படுத்தும் ஓஸ்ம்அண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் இதைச் செய்கின்றன. அவை நிறுவப்படக்கூடிய எந்தக் கையடக்கக் கணினியும் வரைபட விஷயத்தில் ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. தனி வழிகாட்டிக் கருவிகளோடு வரும் ‘வாழ்நாள் புதுப்பிப்பு’ என்பதில் வாழ்நாள் யாருடையது என்பதை ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில் பார்ப்பது நல்லது. அது வாங்குபவரின் ஆயுள் அல்ல. சென்ற தடத்தை, பிற செயலிகளும் படிக்கக்கூடிய ஜிபிஎக்ஸ் கோப்பாக வெளியே எடுக்க முடியாத கருவியை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

திரையையும் பேட்டரியையும் கட்டுரை விரிவாகவே பேசியது, ஆனால் அறைக்குள் அமர்ந்து பேசியது. உச்சிவெயிலில் திரை தெரிகிறதா என்பதே இங்கு கேள்வி. தனி வழிகாட்டிக் கருவிகள் பலவற்றில் உள்ள திரை, விழும் சூரிய ஒளியையே பிரதிபலித்துத் தெளிவாகத் தெரிவது. வண்ணம் மங்கலாக இருக்கும், மின்சாரமோ மிகக் குறைவாகச் செலவாகும். கைபேசியோ டேப்லெட்டோ அதே வெயிலில் பின்னொளியை முழுதாக ஏற்றி, பேட்டரியை வேகமாகக் கரைத்து, தானும் சூடாகும். ஐபேடுக்கு ஆப்பிள் நிறுவனம் குறிப்பிடும் இயங்கு வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரைதான். காரின் முன்கண்ணாடியை ஒட்டிப் பொருத்தினால் அந்த எல்லை எளிதில் தாண்டிவிடும். திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், சில நேரம் கருவியே ஓய்வெடுத்துக்கொள்ளும். மழையில் தொடுதிரை நீர்த்துளியையும் விரலையும் குழப்பிக்கொள்வது தனி. ஐபி67 என்ற தரக்குறியீடு, 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்று சொல்கிறதே தவிர, நனைந்த திரையில் தொட்டால் வேலை செய்யும் என்று சொல்லவில்லை. பொத்தான்களும், எங்கும் கிடைக்கும் ஏஏ பேட்டரிகளும் கொண்ட கருவிகள் பழையவை போலத் தோன்றினாலும் காட்டில் அவற்றுக்கு நிகரில்லை.

விலை குறைவு என்று பழைய கருவிகளை வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜிபிஎஸ் தன் வாரங்களை 10 பிட் எண்ணால் எண்ணுவதால் 1024 வாரத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி நிகழ்ந்தது. மீண்டும் 2038 நவம்பரில் நிகழும். இதற்கான மென்பொருள் திருத்தம் பெறாத பழைய கருவிகளில் தேதி ஏறத்தாழ 19 ஆண்டு 7 மாதம் பின்னுக்குப் போய்விடும். சிலவற்றில் இடக்குறிப்பு சரியாகவே வரும். ஆனால் தடப்பதிவின் தேதியை நம்பி வேலை செய்பவருக்கு அது பயன்படாது. வாங்குமுன் திறந்த வெளியில் ஒருமுறை இயக்கித் தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நகரச் சாலைகளில் மட்டும் செல்பவர், கையில் உள்ள கைபேசியை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. நெரிசல் விவரத்துக்கு இணையம் தேவை என்பதால் அங்கே தனிக் கருவி பின்தங்கவே செய்யும். காட்டிலும் மலையிலும் கடலோரத்திலும் பணி செய்பவர், வேகமான பிராசசரைத் துறந்து, வெயிலில் தெரியும் திரையும் மாற்றக்கூடிய பேட்டரியும் உள்ள தனிக் கருவியை எடுப்பதே தகும். படிவங்களையும் படங்களையும் இடத்தோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டிய களப்பணியாளருக்குத்தான் உண்மையில் கையடக்கக் கணினி தேவை. அவர் எல்5 அலைவரிசையும் உறுதியான உடலும் உள்ளதைத் தேட வேண்டும். தங்கள் கட்டுரை இம்மூவரையும் ஒருவராகக் கருதி ஒரே மாதிரிக்கு முதலிடம் கொடுத்தது பொருத்தமாகப் படவில்லை.

அடுத்த முறை இத்தகைய ஒப்பீட்டை வெளியிடும்போது, ஒவ்வொரு கருவியையும் இணைய இணைப்பைத் துண்டித்துத் திறந்த வெளியில் ஒருமுறையும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஒருமுறையும் இயக்கி, முதல் இடக்குறிப்பு கிடைக்க எடுத்த நேரத்தையும், அது தெரிந்த ஓர் இடத்திலிருந்து எத்தனை மீட்டர் விலகியிருந்தது என்பதையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கேமரா மாதிரிப் படங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் பாதியே அதற்குப் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்