ஆண்டறிக்கை 2024–25: பழைய கார் ஷெட்டும் படிப்பகமும்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு 11 முறை கூடியது. தெருவிளக்கு, கால்வாய் அடைப்பு, நாய்த் தொல்லை குறித்து எழுதிய கடிதங்களின் நகல்கள் கோப்பில் இருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். என் அறிக்கை பெரும்பாலும் படிப்பகமாக மாறிவரும் கார் ஷெட்டைப் பற்றியது. சென்ற பொதுக்குழுவில் நீங்கள் என்னைக் குடைந்ததும் அதைப் பற்றித்தானே.

முதலில் தவற்றை ஒப்புக்கொள்கிறேன். 2023இல் ஷெட்டின் சுவரில் ஓதம், அதாவது தரையிலிருந்து ஏறும் ஈரம், தெரிந்ததும் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, நீர்த்தடுப்பு மருந்து கலந்த சிமெண்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தோம். யோசனை என்னுடையது. பொங்கலுக்குள் பெயிண்ட் அப்பளம் போல உப்பியது. விரலால் தொட்டால் வெள்ளை உப்பு மாவாகக் கொட்டியது. முன்பு இரண்டடியில் நின்ற ஈரம் மூன்றரை அடிக்கு ஏறியிருந்தது. சிமெண்ட், ஈரம் வெளியேறும் வழியை அடைத்தது. ஈரம் மேலே போய் வேறு வழி தேடிக்கொண்டது.

வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்து ஷெட் அது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். தரை ஈரம் சுவரில் ஏறாமலிருக்க அடித்தளத்தின் மேல் போடும் ஓதத்தடுப்புப் பட்டை கிடையாது. “வேலூர்க் கோட்டை நானூறு வருடத்துக்கு மேலாக அகழித் தண்ணீரில் நிற்கிறது, நம் ஷெட்டுக்கு மட்டும் என்ன வந்தது?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார். கோட்டை கருங்கல், ஐயா. செங்கல் தண்ணீர் குடிக்கும். தன் எடையில் 20 சதவீதம் வரை உறிஞ்சும் செங்கல்லைக்கூட இந்தியத் தர நிர்ணயம் ஏற்றுக்கொள்கிறது. ஜன்னலுக்காக இடித்தபோது கிடைத்த ஒரு செங்கல்லை மளிகைக் கடைத் தராசில் வைத்தோம்: 2 கிலோ 900 கிராம். ஒரு நாள் வாளியில் ஊறியபின் 3 கிலோ 400. அரை லிட்டர் தண்ணீர், சொட்டாமல் உள்ளே.

நோயின் மூலம் தெருவில் இருந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதில், வெளித்தரை ஷெட்டின் உள்தரையைவிட எட்டு அங்குலம் உயர்ந்துவிட்டது. ஏப்ரலில் சிமெண்ட் பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்தோம். சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு மண்ணை வாரி, உள்தரைக்கு ஆறு அங்குலம் கீழே இறக்கி, ஜல்லி நிரப்பி, கால்வாய்ப் பக்கம் வாட்டம் கொடுத்தோம். வடக்குச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது, தோண்ட முடியாது. அங்கே மட்டும் செங்கல்லின் அடிவரிச் சாந்தில் நாலரை அங்குலத்துக்கு ஒன்றாகத் துளையிட்டு, ஈரம் ஏறாமல் தடுக்கும் சிலிக்கோன் மருந்து செலுத்தினோம்.

பிறகு ஒன்பது மாதம் காத்திருந்தோம். சுவர் காய்வதற்கு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்கள் கணக்கு. வேலூர் வெயிலை நான் நன்றியோடு நினைத்தது இந்த ஒரு தடவைதான். செங்கல்லில் பூத்த உப்பை வாரந்தோறும் உலர்ந்த துடைப்பத்தால் கூட்டி அள்ளினோம். கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். ஜனவரியில் சுண்ணாம்பும் மணலும் கடுக்காய் ஊறல் நீரும் சேர்த்துப் பூசினோம். பூச்சை நனைக்க ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வேண்டாமென்று காவிரித் தண்ணீரைப் பிடித்து வைத்தோம்.

அடுத்தது மேற்குச் சுவர். பிற்பகல் முழுவதும் வாங்கிய வெயிலை அது இரவு ஒன்பது மணிக்கு அறைக்குள் கக்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வரும் நேரம் அது. உள்பக்கம் தெர்மாகோல் ஒட்டிப் பிளைவுட் அடிக்கச் சிலர் வற்புறுத்தினார்கள். மிச்ச ஈரத்தை அப்படி மூடினால் கரையானுக்கு நாமே பந்தி போட்டதாகும். அதனால் பிப்ரவரியில் வெளியே இரண்டு அங்குல இடைவெளி விட்டு, தனி அடித்தளமும் ஓதத்தடுப்புப் பட்டையும் போட்டு, நாலரை அங்குலச் சுவர் ஒன்று எழுப்பினோம். இரு சுவரையும் துருப்பிடிக்காத கம்பிகள் பிணைக்கின்றன. இடைவெளிக்குள் சாந்து விழுந்து தங்கினால் ஈரம் அதன்வழியே தாண்டிவிடும். கொத்தனார் ஒரு பலகையைக் கயிற்றில் கட்டி உள்ளே தொங்கவிட்டு, நாலைந்து வரிக்கு ஒருமுறை தூக்கி, மேலே விழுந்த சாந்தைத் தட்டிவிட்டு மறுபடி இறக்கினார். வேலை முடிந்ததும் படிப்பக அலமாரிக்கு அந்தப் பலகையைக் கேட்டேன். தர மறுத்துவிட்டார்.

சென்ற மாதக் கத்திரியில் இரவு ஒன்பது மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இருக்கிறது, கையை எடுக்க வைக்கும் சூடு இல்லை. இப்போது ஓட்டுக்கூரையிலிருந்து இறங்கும் வெப்பம்தான் உறைக்கிறது. அதற்கு உட்கூரை போட இன்று ஒப்புதல் கேட்கிறேன். வடக்குச் சுவரின் மூலையில் உள்ளங்கை அளவு ஈரம் இன்னும் இருக்கிறது. அங்கே அலமாரியைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளியே வைக்க வேண்டும்.

கடைசியாக, 2023இல் வாங்கியதில் நான்கு டப்பா பிளாஸ்டிக் பெயிண்ட் மிச்சம். அரை விலைக்கு எடுத்துக்கொள்பவர்கள் பொருளாளரிடம் சொல்லலாம். உங்கள் வீட்டுச் சுவர் எந்தக் காலத்தது என்று நான் கேட்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்