நரை தெரியட்டும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் என்னைப் பார்த்துவிட்டு, "என்னடி, இப்படி நரைத்துப் போயிருக்கிறாய்?" என்றாள்.

ஆமாம், தலைக்குச் சாயம் பூசுவதை விட்டுவிட்டேன். பன்னிரண்டு வருடப் பழக்கம். மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிறு, கதவைச் சாத்திக்கொண்டு, பழைய துணியைத் தோளில் போர்த்திக் கிண்ணத்தில் குழைத்துப் பூசுவேன். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு மிஞ்சும். அதை மறைக்கத் திங்கட்கிழமை முழுவதும் விரல்களை மடக்கியே வைத்திருப்பேன்.

நரையோடு அலுவலகம் போன முதல் நாள் எல்லோருடைய பார்வையும் என் வகிட்டின்மேல் விழுவதாக நினைத்துக் கூசிப்போனேன். ஒன்பதாம் நாள்தான் பக்கத்து மேசைக்காரர் கேட்டார், அதுவும் உடம்புக்கு ஏதாவதா என்று அக்கறையாக. அன்று இரவு அந்தப் பன்னிரண்டு வருட ஞாயிறுகளை நினைத்து அழுதேன்.

எல்லாம் இவ்வளவு லேசாக முடிந்துவிடவில்லை. பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததற்காக அண்ணன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அது இன்னும் வலிக்கிறது. ஆனாலும் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பி அம்மாவுக்குப் படித்துக் காட்டும் அந்த ஒரு மணி நேரத்தை இனி எதற்காகவும் விடமாட்டேன்.

தனியாக வாழப் போகிறேன் என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்டிருந்தாய். சொல்லத்தான் செய்வார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் செய்த சோதனை ஒன்றைப் படித்ததிலிருந்து உன் ஞாபகமாகவே இருக்கிறது. எந்தக் கோடு எந்தக் கோட்டுக்குச் சமம் என்பதுதான் கேள்வி, குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் முன்னேற்பாட்டின்படி மற்றவர்கள் எல்லோரும் ஒரே தவறான விடையைச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது அந்தத் தவறையே சொன்னார்கள். சரியான விடையைச் சொல்ல ஒரே ஒருவர் உடன் இருந்தபோதோ அந்தத் தவறுகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன.

வீட்டில் எந்த நாள் பேசப்போகிறாய் என்று எழுது. விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். நான் எதுவும் பேசமாட்டேன், உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

என்றும் அன்புடன்,
உன் தோழி