ஜீவனைத் தெரிந்துகொள்

அன்புள்ள நண்பா,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி வாசித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். குலசேகரத்தில் மழை விட்டபாடில்லை, ரப்பர் பால்வெட்டு நின்றுபோய்க் கிடக்கிறது. அம்மா எழுந்து நடமாடுகிறாள், உன்னை விசாரித்தாள்.

கிருபையினாலே இரட்சிக்கப்பட்ட பிறகு மோசே மூலம் வந்த நியாயப்பிரமாணம் எதற்கு, அதைக் கைக்கொண்டால் பிழைப்பாய் என்ற வாக்குக்கு நமக்கு என்ன பங்கு என்று கேட்டிருந்தாய். இப்போது பழைய ஏற்பாட்டில் உபாகமம்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். 'உன் நாட்கள் நீடித்திருக்கும்படி' என்ற வாக்கு தாய் தகப்பனைக் கனம்பண்ணுகிறவனுக்கு என்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் பண்ணினோமே, அதே வாக்கு 22ஆம் அதிகாரத்தில் ஒரு பறவைக்கூட்டுக்காகவும் வருகிறது. குஞ்சுகளோடு தாயையும் சேர்த்துப் பிடிக்காதே, தாயைப் போகவிடு. அப்புறம் 25ஆம் அதிகாரத்தில் எடை போடுகிற நிறைகல்லுக்காக. பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு கல் வைத்திருக்கக் கூடாது.

அதை வாசித்த வாரம்தான் ரப்பர் ஒட்டுப்பால் விற்க ஒரு கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு விதவை அக்கா, அரைச் சாக்கு வைத்திருந்தாள். தராசில் எண் ஓடி நிற்பதற்குள் கடைக்காரர் சாக்கை இறக்கிவிட்டார். ஈரம் என்று சொல்லி அதிலும் ஒரு கிலோ கழித்தார். அவள் வாய் திறக்கவில்லை. மறுபடி வையுங்கள் என்று நான் சொன்னேன். வைத்தார், எடை கூடத்தான் இருந்தது. அந்த வித்தியாசம் அவள் வீட்டு அரிசி, மக்கா. நிறைகல்லோடு கர்த்தர் ஏன் ஆயுளைச் சேர்த்துச் சொன்னார் என்று அங்கே நின்றபோது எனக்குப் புரிந்தது. ஒருவன் கள்ள எடை போட்டால் குறைவது இன்னொருவனுடைய நாட்கள். எடை சரியாக இருக்கிற ஊரில் எல்லோரும் பிழைக்கிறார்கள். அந்த வாக்கு கானான் தேசத்துக்குள் போகப்போகிற இஸ்ரவேல் ஜனம் முழுவதுக்கும் சொன்னதுதானே.

சரி, கீழ்ப்படிந்தவர்கள் எல்லோரும் நெடுநாள் வாழ்ந்தார்களா என்று நீ கேட்பாய். நம் நட்டாலத்துத் தேவசகாயம் பிள்ளையையே எடுத்துக்கொள். 1712இல் பிறந்தவர், கிறிஸ்துவை விடாததற்காக 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். நாற்பது வயது நிறையவில்லை. 2022இல் வத்திக்கானில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். நாம் சிஎஸ்ஐ சபைக்காரர்கள், கத்தோலிக்கர் அல்ல, இருந்தாலும் அவரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. வாக்கில் உள்ள ஜீவன் வயதுக் கணக்கோடு முடிந்துவிட்டால் அவர் தோற்றவர். அப்படி என்னால் நினைக்கவே முடியவில்லை. 'என்னை விசுவாசிக்கிறவன் மரித்தாலும் பிழைப்பான்' என்று ஆண்டவர் சொன்னது அவருக்கும் சேர்த்துத்தான்.

லூக்கா 10ஐ எடுத்து வாசி. நித்திய ஜீவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று நியாயசாஸ்திரி கேட்கிறான். நியாயப்பிரமாணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இயேசு அவனையே சொல்லவைத்து, 'அப்படியே செய், அப்பொழுது பிழைப்பாய்' என்கிறார். லேவியராகமம் 18இல் உள்ள அதே வாக்கு. அவன் கேட்டது தன் ஜீவனைப் பற்றி. அவர் சொன்ன கதையோ எரிகோ சாலையில் குற்றுயிராகக் கிடந்தவனைப் பற்றி. அவனைத் தூக்கிக் காப்பாற்றிய நல்ல சமாரியன் செய்ததுதான் கற்பனையை, அதாவது கட்டளையை, கைக்கொள்வது. கிருபை வந்ததால் அந்த வேலை நம்மை விட்டுப் போய்விடவில்லை.

ஆனால் ஜீவனுக்கேதுவான கற்பனையே தனக்கு மரணத்துக்கேதுவாக இருக்கக் கண்டேன் என்று பவுல் ரோமர் 7இல் சொல்வதையும் தள்ள முடியாது. கட்டளைக்கு வழி காட்டத் தெரியும், நடக்கப் பெலன் கொடுக்கத் தெரியாது. அந்தப் பெலனை எசேக்கியேல் 36இல் பார்க்கிறேன். என் ஆவியை உங்கள் உள்ளத்தில் வைத்து என் கட்டளைகளில் நடக்கப் பண்ணுவேன் என்கிறார் கர்த்தர். அடுத்த அதிகாரத்தைத் திருப்பினால் உலர்ந்த எலும்புகள் உயிரடைகின்றன. கிருபையும் கீழ்ப்படிதலும் இரண்டு கட்சி என்று இனி எனக்குத் தோன்றாது.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறாய் அல்லவா? முந்திரிக்கொத்துக்குப் பயறு வாங்கி வைக்கும்படி அம்மா இப்போதே சொல்லிவிட்டாள். கலாத்தியர் 3ஐ வாசித்துவிட்டு வா. நியாயப்பிரமாணம் விசுவாசத்திற்குரியதல்ல என்கிற 12ஆம் வசனத்தில் உனக்கு இன்னும் தர்க்கம் இருக்கும், உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
உன் நண்பன்